கிச்சாப்பின் இடது பின்னங்கால்

ஜனவரி 8, வியாழன்

காலை எட்டுக்கே வெயில். காற்றும் உண்டு, புழுதிக் காற்று. பட்டறைக் கதவைப் பாதிதான் திறந்தேன்.

தினமும் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். என்ன சாப்பிட்டாள், மாத்திரை போனதா, கால் எப்படி. கையில் கிடைத்தது வேலைப் புத்தகம்தான். முன்பக்கமெல்லாம் பிரேக், செயின், ஆயில். பின்பக்கத்திலிருந்து கிச்சாப்.

பெயர்: கிச்சாப். பெட்டை நாய். வயது ஒன்பது. நிறம் கிச்சாப் பாட்டில் நிறமேதான், சோயா சாஸ் கறுப்பு. எடை 19 கிலோ. மூன்று கிலோ அதிகம். (ரொட்டி சானாய். மோட்டோ ரிப்பேருக்கு வருகிறவன் எல்லாம் ஆளுக்கொரு துண்டு.)

கோளாறு: இடது பின்னங்கால் முட்டிக்குள் ஜவ்வு பாதி கிழிந்திருக்கிறது.

டாக்டர் சொன்னது:
– ஓட்டம், குதி, படி, மூன்றும் கூடாது. ஆறு வாரம் கூண்டு.
– மூத்திரத்துக்கு மட்டும் வெளியே. வயிற்றுக்கு அடியில் துணி கொடுத்துத் தூக்கிப் பிடிக்க வேண்டும்.
– வலி மாத்திரை தினம் ஒன்று, சாப்பாட்டோடு. கசப்பு மாத்திரை. இறைச்சிக்குள் வைத்தால் தெரியாது.
– காலைப் பத்துத் தடவை மடக்கி நீட்ட. இரண்டு வேளை.

ஆபரேஷன்? கேட்டேன். நெஞ்சில் குழலை வைத்து நெடுநேரம் கேட்டார். இதயத்தில் ஒரு சத்தம் இருக்கிறதாம். மயக்கம் கொடுத்தால் எழுவாள் என்று உறுதி சொல்ல முடியாதாம். "அங்கிள், முதல்ல இப்படிப் பாப்போம். இப்ப எல்லா வெயிட்டும் வலது கால்ல. அதுவும் போச்சுன்னா..."

டாக்டரிடம் சாக்கடையில் வழுக்கி விழுந்தாள் என்று சொன்னேன். பொய். என் கப்சாய் மோட்டோவில் காலுக்கு நடுவில் நின்றுகொண்டு வந்தாள். பசார் வளைவில் ஒரு பூனை. ஓடுகிற வண்டியிலிருந்து குதித்தாள். ஜெலுத்தோங் முழுக்க "என் நாய் மோட்டோவில் போகும் பார்" என்று பெருமை அடித்தவன் நான். முட்டாள்.

ஜனவரி 9, வெள்ளி

மா.கொ. (மாத்திரை கொடுத்தாயிற்று. இனி இப்படித்தான் எழுதுவேன்.)

கோழி ஈரலை வேகவைத்துப் பிளந்து நடுவில் வைத்தேன். ஒரே விழுங்கு. இன்னும் இருக்கிறதா என்று என் கையைப் பார்த்தாள்.

கூண்டு தயார். பழைய ஸ்பேர் பார்ட்ஸ் ரேக்கின் கம்பி வலை. பட்டறைப் பின்சுவர், முருகன் படத்துக்குக் கீழே. அடியில் நாலு அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்தேன், மேலே துண்டு. மேல்மாடி வீட்டுக்கு இனி அவள் ஏற முடியாது. பதினான்கு படி. இன்றுதான் எண்ணினேன்.

என் மனைவி வசந்தாவின் பழைய பாத்தேக் சாரோங்கை, கைலியை, வயிற்றுக்கடியில் கொடுத்துத் தூக்கினேன். பின்பக்கப் பாரம் முழுக்க என் மணிக்கட்டில். மூத்திரம் போக ஏழு நிமிடம். எதிர்க்கடைக்காரன் சிரித்தான். சிரிக்கட்டும்.

ஜனவரி 10, சனி

மா.கொ. ஈரல்.

சாயங்காலம் இடது கால் நகம் தரையைத் தொட்டது. ஊன்றவில்லை, தொட்டது. வசந்தாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் பார்ப்பதற்குள் கிச்சாப் காலைத் தூக்கிக்கொண்டாள்.

சேகர் அண்ணே வண்டி சர்வீஸுக்கு வந்தார். வருஷா வருஷம் பால்குடக் கோஷ்டியைத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் கூட்டிப் போகிறவர். கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என்னலா மணியம், பிள்ளைக்கு அடிபட்ட மாரி மூஞ்சிய வச்சிருக்க."

"பிள்ளைதாண்ணே."

"அப்ப வேண்டிக்க. தைப்பூசத்துக்கு இன்னும் மூணு வாரம் இருக்கு. இருபத்தோரு நாள் சைவம் இரு, பால்குடம் எடு. அவன் பாத்துக்குவான்."

அவர் போன பிறகு படத்துக்கு முன்னால் நின்றேன். கை எல்லாம் கிரீஸ். கழுவிவிட்டு மறுபடி நின்றேன். அவள் நாலு காலில் நடக்கட்டும், நான் மலை ஏறுகிறேன். ஒரு குறையும் இல்லாமல் விரதம் இருக்கிறேன். ஒரு குறையும் இல்லாமல் என்று இரண்டு தடவை சொன்னேன்.

ஜனவரி 11, ஞாயிறு

விரதம் முதல் நாள். மாலை போட்டாயிற்று. சட்டி பானை எல்லாம் புளி போட்டுத் தேய்த்தேன். ஃபிரிட்ஜில் இருந்த ஈரல், கருவாடு, முட்டை, கிச்சாப்பின் டின் சாப்பாடு, எல்லாம் எதிர்க்கடைக்காரனுக்கு. இப்போது அவன் சிரிக்கவில்லை.

வசந்தா படியில் நின்றபடி பார்த்தாள்.

"அவளுக்கு மாத்திரைய எதுல வச்சுக் குடுப்பீங்க?"

"தோசையில."

"நீங்க சைவம். சரி. அவளுமா சைவம்?"

"படத்துக்குக் கீழ கூண்டு. அங்க போயி மச்சத்த வைக்கச் சொல்றியா?"

"கூண்ட நகத்துங்க."

நகர்த்த இடம் எங்கே? முன்னால் வண்டிகள், பக்கத்தில் கம்ப்ரஸர். அதுவும் இல்லாமல் கடையும் வீடும் ஒரே கட்டடம். கால் அவளுடையது, விரதம் அவளுக்காக. அவளும் கொஞ்சம் ஒத்துழைக்கட்டும் என்றேன். வசந்தா மேலே போய்விட்டாள்.

தோசையை உருட்டி நடுவில் மாத்திரை. வாங்கிக்கொண்டாள். மா.கொ.

ஜனவரி 13, செவ்வாய்

மா.கொ. வாழைப்பழ உருண்டை. நேற்று பூசணிக்காய் சோறு. தட்டு காலி.

கால் சனிக்கிழமை தொட்டதோடு சரி. தூக்கியபடியே நிற்கிறாள். மூன்று நாள்தானே ஆகிறது. அவசரப்படக்கூடாது.

மலாய் வாத்தியார் வண்டிக்கு கார்புரேட்டர் வரவில்லை. போன் பண்ண.
சாம்பிராணி வாங்க.
சாரோங் ஓரம் கிழிகிறது, தைக்க.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். பட்டறை வாசலில் காஸ் அடுப்பில் பொங்கியது. வசந்தா லீவு போட்டிருந்தாள், அவள் வேலை கெலுகோரில், மாணவர் விடுதி ஆபீஸில். நல்ல மனநிலையில் இருந்தாள். பொங்கல் உருண்டைக்குள் மாத்திரை. வாலை ஒரு தடவை ஆட்டிவிட்டு வாங்கினாள். மா.கொ.

மதியம் கால் மடக்கும்போது முனகினாள். முதல் தடவை முனகல். ஐந்தோடு நிறுத்தினேன். பிறகு மனசு கேட்காமல் மீதி ஐந்தையும் செய்தேன். பத்து என்றால் பத்துதானே.

ஜனவரி 17, சனி

மா.கொ.

மோசம். உட்கார்ந்தால் எழ மாட்டேன் என்கிறாள். சாரோங் போட்டுத் தூக்கினால் தொடை நடுங்குகிறது. வாசலில் நிற்கவைத்து "நட, கிச்சாப், நட" என்றேன். நடக்கவில்லை. அரை மணி நேரம் நின்றோம். நாலு பேர் வேடிக்கை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நடிக்காதடி" என்று தலையில் தட்டினேன். வலிக்கிற மாதிரி இல்லை. ஆனாலும் தட்டினேன்.

என்னைப் பார்க்காமல் கம்ப்ரஸரைப் பார்த்தாள்.

ஜனவரி 19, திங்கள்

காற்றே இல்லை. தகரக் கூரை கொதிக்கிறது.

மா.கொ. தயிர்ச்சோறு. பாதி மீதி வைத்தாள்.

கிளினிக்குக்குப் போன். டாக்டரே எடுத்தார். மாத்திரை ஒழுங்காகப் போகிறதா என்றார். "டெய்லி டாக்டர், ஒரு நாள் கூட விடல" என்றேன். புத்தகத்தைப் பார்த்துத்தான் சொன்னேன். வரிசையாக மா.கொ., மா.கொ.

மாத்திரை போயும் இப்படி என்றால் ஜவ்வு முழுசாக அறுந்திருக்கலாமாம். சனிக்கிழமை கொண்டுவரச் சொன்னார். எக்ஸ்ரே எடுத்துவிட்டு ஆபரேஷனைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும் என்றார். "அந்த ஹார்ட்டோடயா டாக்டர்?" என்றேன். "அதான் அங்கிள் எனக்கும் யோசனை" என்றார்.

போனை வைத்த பிறகு ஒரு ஸ்பானரை மூன்று தடவை தேடினேன். சட்டைப் பையில் இருந்தது.

முப்பது வருஷம் வண்டி பார்க்கிறேன். எந்த மோட்டோ வந்தாலும் சத்தத்தை வைத்தே கோளாறு சொல்லிவிடுவேன். இவள் முட்டி என் உள்ளங்கையில் இருக்கிறது, எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

ஜனவரி 20, செவ்வாய்

மா.கொ.

எங்கேயோ குறை இருக்கிறது என்று தோன்றியது. விரதத்தில்தான். ஒரு குறையும் இல்லாமல் என்று வாக்குக் கொடுத்தேனே. அதிகாலையில் இன்னொரு குளியல் சேர்த்தேன். செருப்பை விட்டேன். பாயை விட்டேன், வெறும் தரை.

சாயங்காலம் வசந்தா வேலையிலிருந்து வந்தாள். பக்கத்தில் வந்ததும் சம்பல் வாசனை. மத்தியானம் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். நாசி லெமாக். நெத்திலி இருந்ததா என்றேன். நாசி லெமாக்கில் நெத்திலி இல்லாமல் வேறு என்ன இருக்கும் என்றாள்.

கத்திவிட்டேன். நீ தின்கிற நெத்திலிதான் அவள் காலில் வந்து நிற்கிறது என்றேன். கேட்கவே அசிங்கமாக இருக்கிறது இப்போது எழுதும்போது. அப்போது நம்பித்தான் சொன்னேன்.

அவள் கத்தவில்லை. கைப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்:

"நாய்க்கு வலிக்குது. நீங்க என் வாய மோந்து பாக்கிறீங்க."

ஜனவரி 21, புதன்

மா.கொ.

வசந்தா பேசவில்லை. தேநீர் மட்டும் வைத்துவிட்டு பஸ்ஸுக்குப் போனாள்.

கிச்சாப் வலது காலையும் மாற்றி மாற்றி வைக்கிறாள். அதுவும் போச்சுன்னா. அதுவும் போச்சுன்னா. நாள் முழுக்க இதுவே காதில். ஒரு வண்டிக்குப் பழைய ஆயிலையே திரும்ப ஊற்றிவிட்டேன்.

பயமாக இருக்கிறது. வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. பயமாக இருக்கிறது.

ஜனவரி 22, வியாழன்

காலை, கடை திறக்குமுன். கூண்டில் நாற்றம். சாரோங்கில் அவளைத் தூக்கி வெளியே படுக்கவைத்துவிட்டு அட்டையை மாற்றலாம் என்று தூக்கினேன்.

மேல் அட்டைக்கும் கீழ் அட்டைக்கும் நடுவில், சுவர் ஓரமாக, மாத்திரைகள். ஒன்றில் காய்ந்த தோசை ஒட்டியிருந்தது. ஒன்றில் பொங்கல். சில கரைந்து பாதியாகி அட்டையோடு மஞ்சள் கறையாக. நகத்தால் சுரண்டி எடுத்து வைத்து எண்ணினேன்.

ஒன்பது.

விரதம் தொடங்கி நேற்றோடு பதினோரு நாள். பதினொன்றில் ஒன்பது. சோற்றைத் தின்றுவிட்டு மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்து, நான் திரும்பியதும் துப்பி, மூக்கால் அட்டைக்கடியில் தள்ளியிருக்கிறாள். ஈரல் என்றால் மெல்லாமல் விழுங்குவாள். தோசையை மென்றுதானே தின்பாள். டாக்டர் முதல் நாளே சொன்னார். எழுதி வைத்திருக்கிறேன், என் கையெழுத்து.

ஒன்பது நாள் வலி மருந்து இல்லாமல் இருந்திருக்கிறாள். அந்தக் காலைத்தான் பத்துத் தடவை மடக்கினேன், பத்துத் தடவை நீட்டினேன். முனகியபோது மீதி ஐந்தையும் செய்தேன். நடிக்காதடி என்றேன்.

தரையில் உட்கார்ந்து அழுதேன். கதவு பாதிதான் திறந்திருந்தது, யாரும் பார்க்கவில்லை. அவள் படுத்த இடத்திலிருந்து நகர்ந்து வந்து என் முழங்கையை நக்கினாள். அது இன்னும் மோசம்.

பசாருக்கு மோட்டோவில் போனேன், வெறும் காலோடு. கோழிக்கடை ஆண்டி என்னைப் பார்த்ததும், "லாமா தாக் டாத்தாங், போஸ்" என்றார். ரொம்ப நாளாகக் காணோமாம். ஹாத்தி அயாம் வேண்டும், ஈரல், அரைக்கிலோ என்றேன். கையை ஈரலுக்குக் கொண்டுபோனவர் என் கழுத்தைப் பார்த்தார். மாலை. இருபது வருஷமாக அந்தக் கடையில் நிற்கிறவர், தைப்பூசம் தெரியாதா.

"போஸ், நீ புவாசா லா. போலேகா?"

விரதம் இருக்கிறாயே, வாங்கலாமா என்று ஒரு சீன ஆண்டி என்னிடம் கேட்கிறார். நாய்க்கு என்றேன். கால் என்றேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு நல்லதாகப் பார்த்துப் பொறுக்கிக் கட்டினார். பையை என் கையில் தரவில்லை. வண்டிக் கொக்கியில் அவரே மாட்டிவிட்டார், நான் தொட வேண்டாம் என்று.

வீட்டில் அதே அடுப்பு. புளி போட்டுத் தேய்த்த அதே சட்டி. வேகும் வாசனை படி வழியாகக் கீழே இறங்கியது, கூண்டில் அவள் எழுந்து நிற்கப் பார்க்கிற சத்தம் கேட்டது.

மாலையைக் கழற்றிப் படத்தில் போட்டேன். முருகா, உன்மேல் கோபம் இல்லை. நீ கேட்காததை எல்லாம் நானாகவே கொடுத்துக்கொண்டிருந்தேன். டாக்டர் கேட்ட ஒன்றைக் கொடுக்கவில்லை.

ஈரல் நடுவில் மாத்திரை. விழுங்கினாள். வாயைத் திறந்து கன்னம் இரண்டிலும் விரல் விட்டுப் பார்த்தேன். மா.வி. மாத்திரை விழுங்கினாள். இனி அப்படித்தான் எழுதுவேன்.

ஒன்பதாம் தேதி, பத்தாம் தேதி தவிர மேலே உள்ள மா.கொ. எல்லாவற்றையும் அடித்தேன்.

ஜனவரி 23, வெள்ளி

மா.வி.

வசந்தாவிடம் ஒன்பதையும் ஒரு நட்டுப் பெட்டியில் போட்டுக் காட்டினேன். நெத்திலி இல்லை, நான்தான் என்றேன். பெட்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"நீங்க சாப்பிட்டீங்களா?"

"இல்ல."

"அப்ப அவளுக்கும் உங்களுக்கும் சேத்துத்தான் பாக்கணும் இனிமே."

பேசிவிட்டாள். போதும்.

ஜனவரி 24, சனி

கிளினிக். எதிர்க்கடைக்காரன் வேனில் அவளைக் கிடத்திக்கொண்டு போனோம். கேட்காமலே வேனை எடுத்தான்.

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். விரதம், தோசை, அட்டை, ஒன்பது. சாக்கடையில் விழவில்லை, மோட்டோவிலிருந்து குதித்தாள் என்பதையும். திட்டுவார் என்று நினைத்தேன். என் மகளைவிடச் சின்னவர், திட்டியிருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், அவ்வளவுதான்.

எக்ஸ்ரே: வீக்கம் கூடியிருக்கிறது. முட்டி கொஞ்சம் முன்னால் தள்ளிப் போகிறது. முழுசாக அறுந்ததா, இன்னும் பாதியா, மயக்கம் கொடுக்காமல் சொல்ல முடியாது.

"ரெண்டு வாரம் பாப்போம் அங்கிள். மாத்திரையோட. அப்பவும் கால ஊனலன்னா, ஆபரேஷன்தான். அந்த ரிஸ்க்க நாம எடுத்துத்தான் ஆகணும்."

நாம என்றார். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு வீடு வந்தேன்.

காலை மடக்கி நீட்டுவது நாலு நாளைக்கு வேண்டாம். ஐஸ் ஒத்தடம், பத்து நிமிடம்.

ஜனவரி 26, திங்கள்

மா.வி. ஐஸ்.

முனகல் இல்லை. காலும் இல்லை. தூக்கியபடியே.

சேகர் அண்ணே வந்தார். யாரோ சொல்லியிருக்கிறார்கள். "அட, அதுக்கென்ன மணியம். நீயா தின்ன? தலைக்குக் குளிச்சிட்டு மாலைய எடுத்துப் போட்டுக்க. குடத்துக்கு உன் பேரு இருக்கு" என்றார். நல்ல மனுஷன். வேண்டாம் அண்ணே என்றேன். கோவிச்சுக்கிட்டியா என்றார். இல்லை. தைப்பூசத்தன்று முழுக்க நான் மலையில் இருந்தால் இவளுக்கு யார் சாரோங் பிடிப்பது? இதுதான் காரணம். வேறு பெரிய காரணம் ஒன்றும் இல்லை.

அவர் போகும்போது கூண்டுக்குள் ரொட்டி சானாய் போடப் பார்த்தார். தடுத்தேன்.

ஜனவரி 28, புதன்

மா.வி.

பத்து நாள்தான் மிச்சம். ஒவ்வொரு தடவை வெளியே கொண்டு போகும்போதும் அந்தக் காலையே பார்க்கிறேன். பார்க்காமல் இருந்தால் ஊன்றுவாளோ என்று வேறு பக்கம் பார்க்கிறேன். அதுவும் விரதம் மாதிரிதான் ஆகிவிட்டது. அதையும் விட்டேன்.

எடை 18.2. எதிர்க்கடைத் தராசு.

ஜனவரி 30, வெள்ளி

மா.வி.

ஒன்றும் இல்லை. எழுத ஒன்றும் இல்லை. தொடை மெலிந்துவிட்டது, இரண்டு தொடையையும் ஒரே நேரத்தில் பிடித்துப் பார்த்தால் தெரிகிறது. வசந்தா இன்று பக்கத்தில் உட்கார்ந்து ஐஸ் பிடித்தாள். ஆபரேஷன் என்றால் யார் கையெழுத்துப் போடுவது என்று கேட்டாள். நான் என்றேன். கை நடுங்காமல் போடுவீங்களா என்றாள்.

பிப்ரவரி 1, ஞாயிறு

தைப்பூசம். வெயில் இப்போதே சுள்ளென்று. தெருவே காலி, எல்லோரும் தண்ணீர்மலைப் பக்கம்.

வசந்தா ஆறு மணிக்கே குளித்து, ஒரு பாக்கெட் பால் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நான் சொல்லவில்லை. எங்கே என்றும் கேட்கவில்லை.

மா.வி. இரண்டு கன்னமும் பார்த்தாயிற்று.

எட்டு மணிக்கு சாரோங் போட்டு வாசலுக்குக் கொண்டு வந்தேன். சாக்கடை ஓரம், வழக்கமான இடம். மூத்திரம் போனாள். அப்புறம் எதையோ மோந்துகொண்டு நாலைந்து அடி போனாள், நானும் பிடித்துக்கொண்டே போனேன். மணிக்கட்டு வலிக்கும் என்று கையை மாற்றப் போனேன். வலிக்கவில்லை. சாரோங்கைப் பார்த்தேன். தொய்ந்து கிடந்தது. வயிற்றில் ஒட்டவே இல்லை. பாரம் என் கையில் இல்லை.

குனிந்து பார்த்தேன். இடது பின்னங்கால், பாதம் முழுக்கத் தரையில்.

மூன்று எட்டு. நாலாவதில் தூக்கிக்கொண்டாள்.

வசந்தாவுக்குப் போன் போட்டேன். ஒரே மேளம், ஒரே கூட்டம். "கேக்கல, அப்புறம் பேசுங்க" என்று வைத்துவிட்டாள்.

ஈரல் மூன்று துண்டுதான் இருக்கிறது. நாளைக்கு லீவு, பசார் உண்டா என்று எதிர்க்கடையில் கேட்க வேண்டும்.